சூசையப்பருக்குக் கெபி வேண்டாம், கொட்டில் போடுவோம்

அன்புள்ள பங்கு மக்களே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இதை வாசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே,

போன வருடம் தவக்காலத்தில் நாங்கள் கேட்டது வேறு. கோவில் முகப்புக்கு வலப்பக்கம், இயேசுவை வளர்த்த தச்சரான சூசையப்பருக்கு ஒரு கெபி, அதாவது குகை போலக் கட்டிச் சொரூபம் வைக்கும் இடம், அதற்கு மாபிள் தரை, இரவில் எரிய மின்குமிழ்கள். பற்றுச்சீட்டுப் புத்தகமும் அச்சடித்தாயிற்று, கொஞ்சப் பேர் காசும் தந்துவிட்டீர்கள். இப்போது அதே குழு வந்து, கெபி வேண்டாம், வேலைக் கொட்டில் ஒன்று வேண்டும் என்கிறது. ஏன் மாறினோம் என்று சொல்லாமல் மறுபடி கை நீட்டுவது முறையில்லை. ஆகையால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களை மாற்றியது ஒரு கேள்வி. கெபிக்கு இடம் அளந்த அன்று, கோவில் மதிலின் வெளிப்பக்கத்தில் வழக்கம்போல ஐந்தாறு பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் மட்டக்களப்பு வாவியில் இருந்து வந்து, இறாலையும் நண்டையும் விற்றுவிட்டு, கிழிந்த வலையோடு அங்கேதான் உட்காருவார்கள். மதில் நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். மத்தியானம் நிழலே இராது, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வேலை நடக்கும். அவர்களில் மூத்தவர், எழுபது தாண்டியவர், எங்கள் கையில் இருந்த அளவு நாடாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சூசையப்பருக்கு நிழல் போடப் போறீங்களா மகன்? நல்லது. அவரு கல்லுதானே, வெயிலத் தாங்குவாரு. எங்களுக்கு எப்ப?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்தபோது சண்டை பிடிக்காத குறை. கோவில் வளவுக்குள் உளிச் சத்தமா, மீன் மணத்தோடு வலையா, கோவிலுக்கென்று தந்த காசைத் தொழிலுக்குச் செலவழிக்கலாமா என்று பல பேர் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் இதை எழுதும் செயலாளராகிய நானும் ஒருவன். கோவில் காசு கோவிலுக்குத்தான் என்று மேசையில் தட்டியே சொன்னேன்.

அந்த வாரப் பூசையில் காணிக்கை நேரத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்திச் சொல்லும் வார்த்தைகள் காதில் வேறு மாதிரி விழுந்தன. நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமான அப்பம். சின்ன வயது முதல் கேட்டு வருகிறோம், நின்று யோசித்ததில்லை. ஆண்டவர் கோதுமை மணியைக் கேட்கவில்லை, அப்பத்தைக் கேட்டார். திராட்சைப் பழத்தைக் கேட்கவில்லை, இரசத்தைக் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் உழுதவன், அறுத்தவன், அரைத்தவள், பிசைந்தவள், அடுப்பின் முன் வெந்தவன் என்று ஒரு ஊரே நிற்கிறது. அந்த வேர்வை பீடத்தின் மேல் ஏறலாம், மதிலுக்கு உள்ளே வரக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தையும் அந்த வாரம் எடுத்துப் படித்தோம். இயேசு சொந்த ஊரின் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். ஊரவர் முதலில் வியக்கிறார்கள், அடுத்த மூச்சில் "இவர் தச்சர்தானே" என்கிறார்கள். மத்தேயுவில் அது தச்சருடைய மகன். எங்கள் பேச்சில் சொன்னால், ஓடாவிட பொடியன்தானே. அந்த 'தானே'க்குள் எல்லாம் இருக்கிறது. பாராட்டி யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்றே நற்செய்தியும் முடிக்கிறது. லூக்கா கணக்கில் இயேசு வெளியே வந்து போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 30 வயது. அதற்கு முந்திய காலம் முழுக்க அந்த ஊரிலும் வீட்டிலும் தச்சுப் பட்டறையிலும் போயிற்று. சூசையப்பரோ நற்செய்தி நான்கிலும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் செய்தவைதான்.

நாமும் அந்த நாசரேத்து ஊரவர்தான். தமிழரிடம் இது இன்னும் கூர்மை. செய்யும் வேலையின் பெயரையே சாதியின் பெயராக்கி, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அதை ஒட்டி வைத்தோம். துணி வெளுத்தவரும் முடி வெட்டியவரும் பூசைக்கு வந்தால் எங்கே இருந்தார்கள் என்று நம் ஊர்க் கிழவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை மேசன் என்றால், "கட்டட கொன்ராக்ட் செய்றார்" என்றுதானே சொல்லி வைக்கிறோம்? மேசன் என்று சொன்னால் வாய் வலிக்குமா?

திருச்சபை இந்த விசயத்தில் பேசாமல் இருக்கவில்லை. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ, பழையவர்களுக்குச் சிங்கராயர், ஆலைத் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதினார். தொழிலாளிக்குத் தானும் குடும்பமும் மரியாதையாக வாழப் போதிய கூலி வேண்டும் என்றார், சங்கம் சேரும் உரிமை உண்டு என்றார். 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் லியோ என்ற பெயரை எடுத்ததற்கும் அந்த மடலையே முக்கிய காரணமாகச் சொன்னார். 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், உலகத் தொழிலாளர் நாளான மே 1ஐயே தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேலையைப் பற்றிப் பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல் எழுதிய மடல்தான். போர்க் காலத்தில் இளைஞனாகப் போலந்தின் கிராக்கோவில் கல்லுக் குழியிலும் பிறகு இரசாயன ஆலையிலும் கூலி வேலை செய்தவர் அவர். 1981இல் சிங்கராயர் மடலின் 90ஆம் ஆண்டுக்காக மே 15 அன்று அதை வெளியிட இருந்தார். இரண்டு நாளுக்கு முன் சுடப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தேறி வந்து திருத்தி முடித்து, செப்டெம்பர் 14 அன்று கையெழுத்திட்டார். அது திருச்சிலுவை மகிமைத் திருநாள். சொறிக்கல்முனைக்குத் திருவிழாவுக்குப் போகிற நம் ஆட்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஒரு வேலையின் மதிப்பு அது என்ன வேலை என்பதில் இல்லை, அதைச் செய்கிறவர் ஒரு மனிதர் என்பதில் இருக்கிறது. மனிதனுக்காக வேலையே தவிர, வேலைக்காக மனிதன் இல்லை. கிடங்கு வெட்டுகிறவரையும் கந்தோரில் இருக்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்துகிற பேச்சு அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உழைப்பே செபம் என்று பாடிப் பாடியே கூலியைக் குறைத்தவர்கள் உண்டு. எங்கள் கையும் சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் கோவில் மதில் கட்டியபோது மேசனுக்கும் கையாளுக்கும் கடைசி இரண்டு நாள் கூலியை இந்தக் குழுதான் நான்கு மாதம் இழுத்தடித்தது. காசு வரட்டும், கோவில் வேலைதானே என்று சொல்லி அனுப்பினோம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று விவிலியத்தில் யாக்கோபு எழுதியது பிறகுதான் ஞாபகம் வந்தது. இந்த முறை கையில் காசு இருக்கும் அளவுக்கே வேலை நடக்கும், அன்றன்றைக் கூலி அன்றன்றே. சிரமதானம், அதாவது கூலியில்லாமல் ஊர் கூடிச் செய்யும் வேலை, மண் அள்ளவும் கல் சுமக்கவும் மட்டும். தொழில் தெரிந்தவரின் கூலியைச் சிரமதானம் என்ற பெயரில் விழுங்கமாட்டோம்.

மட்டக்களப்புக்கு இது புதிதும் இல்லை. டச்பார்ப் பக்கத்துப் பறங்கியரைப் பாருங்கள். போர்த்துக்கேயர் வழி வந்த கத்தோலிக்கர், வீட்டில் அந்த மொழியின் மிச்சத்தைப் பேசியவர்கள், தச்சுக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போனவர்கள். சுனாமி அவர்களுடைய கரையை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். இன்னொருவர் யேசு சபைத் தந்தை யூஜின் ஹெபர்ட். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கி, பிறகு தொழில்நுட்ப நிலையத்தில் நம் பொடியன்மாருக்குக் கைத்தொழில் கற்றுத் தரும் பொறுப்பில் இருந்தவர். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். கூட வந்த இளைஞரும் வரவில்லை. இவ்வளவு ஏன், 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் கத்தோலிக்கக் குருவான யோசேவ் வாஸ் முனிவர் இலங்கைக்குள் நுழைந்ததே கூலியாள் வேடத்தில்தான். குரு உடைக்குக் கதவு மூடியிருந்தது, கூலிக்காரனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சரி, கொட்டிலுக்கு வருவோம்.

கோவிலுக்கு வடக்கே, பழைய கிணற்றடியில், 24 அடி நீளம் 16 அடி அகலம். மூன்று பக்கம் அரைச் சுவர், வாவிப் பக்கம் முழுத் திறப்பு, வலையை இழுத்துக் கட்டத் தூண்களில் வளையம். தகரம் போட்டால் மலிவுதான். ஆனால் உப்புக் காற்று தகரத்தை விட்டு வைக்காது, கச்சான் வீசும் மாதங்களில் அதன் கீழ் மனிதர் இருக்கவும் முடியாது. ஆகவே ஓடு. ஒரு பக்கத்தில் தச்சு வேலைக்கு நீள வாங்கு, மறு பக்கத்தில் பூட்டுப் போட்ட கருவி அறை. வாள், சீவுளி, துளையிடும் மெஷின் எல்லாம் சொந்தமாக வாங்க முடியாத பொடியன்மார் கையெழுத்து வைத்து எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம். இதைக் கேட்டு எங்கள் குருவானவர் சிரித்தார். புனித பெனடிக்ட், நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்தவர், 6ஆம் நூற்றாண்டிலேயே தம் துறவிகளுக்கு இதை ஒழுங்காக எழுதி வைத்தாராம். மடத்துக் கருவிகளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மடாதிபதி பட்டியல் வைக்க வேண்டும். மடத்தின் பொருட்களைப் பீடத்துப் பாத்திரங்களைப் போலப் பார்க்க வேண்டும். ஆகவே மண்வெட்டியைச் சேறோடு திருப்பித் தருகிறவர்கள் கவனம்.

தையலுக்கும் ஒரு மூலை உண்டு. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்கள் சிலர், மறுபடி போகாமல் இங்கேயே தைத்துப் பிழைக்கப் பார்க்கிறார்கள். வீட்டில் மெஷின் வைக்க இடமில்லை, இருந்தாலும் பிள்ளை, சமையல், மாமியார். அந்த மூலைக்குச் சீலை கட்டி மறைக்க வேண்டுமா என்று குழுவின் ஆண்கள் அரை மணி நேரம் வாதாடினோம். பெண்களிடம் கேட்டபோது, "மறைப்பு வேணாம், ஒரு ஃபேன் போடுங்க" என்றார்கள். அடுப்படியில் சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று புனிதரான அவிலா தெரேசம்மாள் தம் மடத்துச் சகோதரிகளுக்குச் சொன்னாராம். அவரிடம் கேட்டிருந்தாலும் ஃபேன்தான் கேட்டிருப்பார்.

கொட்டில் ஊருக்குப் பொது. மதிலடியில் வலை பொத்துகிறவர்களில் பாதிப் பேர் சைவர்கள், ஓடு இறக்கித் தர ஒத்துக்கொண்டிருக்கும் லொறிக்காரர் முஸ்லிம். யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டு. ஓய்வும் கட்டளைதான், மெஷினுக்கும் அது நல்லது. கெபிக்கென்று செய்வித்த சூசையப்பர் சொரூபம் கொட்டிலுக்குள்ளேயே ஒரு தட்டில் இருக்கும். மரத்தூள் படியும், அவர் கோபிக்கமாட்டார்.

மேசன் போட்டுத் தந்த மதிப்பீடு 18 இலட்சம் ரூபாய். கையில் இருப்பது 6 இலட்சத்து 40 ஆயிரம். கெபிக்குத் தந்த காசைத் திருப்பிக் கேட்ட நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இது. அவர்கள் மேல் வருத்தம் இல்லை, கேட்டது நியாயம். இன்னும் யாராவது கேட்பதானால் உயிர்த்த ஞாயிறுக்குள் சொல்லுங்கள். மீதி 11 இலட்சத்து 60 ஆயிரம் வேண்டும். மே 1 காலைப் பூசைக்குப் பிறகு அத்திவாரம், மாரி தொடங்குமுன் கூரை. காசு குறைந்தால் கூரையை முதலில் முடித்துவிட்டுத் தையல் மூலையின் தரையை அடுத்த வருடத்துக்கு விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடைசியில் விடுவது எப்போதும் பெண்களின் பங்கைத்தானா என்று ஒரு அக்கா கேட்டார். யோசனையைக் கைவிட்டோம்.

ஒரு நாள் கூலியைத் தாருங்கள் என்று கேட்கலாம் என நினைத்திருந்தோம். வாவியில் ஒரு நாள் வெறும் வலை, மறு நாள் நிறைந்த வலை என்று போகிறவரிடம் அப்படிக் கேட்பது எப்படி? ஆகவே தொகை சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் பிள்ளை ஒரு தூணுக்குத் தரலாம், இங்கே அப்பம் சுட்டு விற்கிற அம்மா இரண்டு ஓட்டுக்குத் தரலாம். பெயர் எழுதிய கல் பதிக்கமாட்டோம். கணக்கு மட்டும் மாதத்தின் முதல் ஞாயிறு கோவில் அறிவிப்புப் பலகையில் இருக்கும், மேசன் கூலி உட்பட.

காசைப் பங்குப் பணிமனையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி இலக்கத்தைப் பணிமனையில் நேரே கேட்டு எடுங்கள். வட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் இலக்கத்துக்குப் போட வேண்டாம், நாங்கள் அப்படி ஒன்றும் அனுப்பவில்லை.

காசில்லாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் மண் அள்ள வாருங்கள், தேநீரும் பணிசும் உண்டு. பிறகு இன்னொன்று. உங்கள் அப்பா, அப்பப்பா வைத்துவிட்டுப் போன உளியோ சுத்தியலோ வாளோ வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள். தீட்டி, புதுப் பிடி போட்டு, யாருடையது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவுக்காக, செயலாளர்