கிரவுன் ஹைட்ஸ்: பகை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க் இனக் கலவரங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1991 ஆகஸ்ட்டில் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் நடந்ததைக் கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் இடையிலான பழம்பகை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பகை என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பாக வேண்டியதில்லை. அந்த நான்கு நாட்களில் எது எப்போது யார் கையில் தவறியது என்பது, நியூயார்க் மாநில ஆளுநர் மாரியோ குவோமோ உத்தரவிட்டு, மாநில அதிகாரி ரிச்சர்ட் கிர்ஜென்டி நடத்திய விசாரணையின் முடிவாக 1993 ஜூலையில் வெளியான கிர்ஜென்டி அறிக்கையில் விரிவாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, இரவு சுமார் 8.20 மணி. ஹசிடிக் எனப்படும் ஆசார யூதர்களில் ஒரு பிரிவினரான லுபாவிச் யூதர்களின் குரு மெனகெம் மெண்டல் ஷ்னியர்சன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் போலீஸ் கார், அடுத்து குருவின் கார், கடைசியில் அவருடைய ஆட்கள் வந்த கார். அந்தக் கடைசிக் கார், பிரெசிடென்ட் தெருவும் யூட்டிகா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் வேறொரு காரோடு மோதி, நடைபாதையில் ஏறியது. கயானாவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஏழு வயது கேவின் கேட்டோ இறந்தான். உறவுக்காரச் சிறுமி, அவளுக்கும் ஏழு வயதுதான், பலத்த காயத்தோடு பிழைத்தாள்.

இதற்கு அடுத்த சில நிமிடங்களைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டம் காரோட்டியை அடிக்கத் தொடங்கியிருந்தது. ஹட்சோலா என்ற யூதத் தொண்டர் அமைப்பின் ஆம்புலன்ஸ் வந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் மாநகர ஆம்புலன்ஸும் வந்தது. கூட்டத்திடம் அடிவாங்கிக்கொண்டிருந்த காரோட்டியையும் உடன் வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பும்படி ஹட்சோலாக்காரர்களிடம் சொன்னது அங்கிருந்த போலீஸ்தான். கேவினை மாநகர ஆம்புலன்ஸ் கிங்ஸ் கவுண்ட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இன்னொரு மாநகர ஆம்புலன்ஸ் வரும்வரை சிறுமியைப் பார்த்துக்கொண்டவர்கள், இரண்டாவதாக வந்த ஹட்சோலா தொண்டர்கள். தெருவில் நின்றவர்கள் கண்டது இதில் ஒரு துண்டை மட்டும்: கறுப்பினக் குழந்தைகள் அடிபட்டுக் கிடக்க, யூத ஆம்புலன்ஸ் யூதர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதாலேயே, குழந்தைகளுக்குச் சிகிச்சை தர யூதர்கள் மறுத்துவிட்டார்கள் என்ற வதந்தியை அசைக்க முடியவில்லை. காரோட்டி குடித்திருந்தார் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. விபத்து நடந்த 70 நிமிடங்களுக்குள் எடுத்த மூச்சுச் சோதனையில் அவர் குடித்திருக்கவில்லை என்று தெரிந்தும், அந்தச் செய்தி தெருவை எட்டுவதற்குள் கல்லெறி தொடங்கிவிட்டது.

சுமார் மூன்று மணி நேரம் கழித்து, சில தெருக்கள் தள்ளி, யாங்கெல் ரோசன்பாம் என்ற 29 வயது ஆஸ்திரேலிய யூதரை ஓர் இளைஞர் கூட்டம் சூழ்ந்து அடித்துக் கத்தியால் குத்தியது. அவரையும் கொண்டுபோனது அதே கிங்ஸ் கவுண்ட்டி மருத்துவமனைக்குத்தான். அங்கே மார்பிலிருந்த ஒரு குத்துக்காயத்தை மருத்துவர்கள் கவனிக்கவில்லை. அன்றிரவே அவர் இறந்தார்.

வதந்தியை அந்தத் தெரு ஏன் அவ்வளவு சுலபமாக நம்பியது? வெள்ளையர்களும் மற்ற யூதர்களும் புறநகருக்குப் போன காலத்தில், கிரவுன் ஹைட்ஸை விட்டு நகராதீர்கள் என்று குரு 1969இல் தம்மவர்களைக் கேட்டுக்கொண்டார். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஜமைக்கா, டிரினிடாட், கயானா, ஹைட்டி மக்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். பெரும்பான்மை கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியில் சிறுபான்மையினரின் குருவுக்குப் போலீஸ் பாதுகாப்பு, யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளில் தெரு மூடல், வீட்டை விற்கிறீர்களா என்று கதவைத் தட்டும் தரகு. இவையெல்லாம் கறுப்பினக் குடும்பங்களுக்கு அன்றாடம் உறுத்தியவை. 1978இல் பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை ஹசிடிக் இளைஞர்கள் நினைவிழக்கும் அளவுக்கு அடித்ததை யாரும் மறந்திருக்கவில்லை. லுபாவிச் குடும்பங்களுக்கோ வழிப்பறியும் தாக்குதலும் அன்றாடப் பயம். சொந்த ரோந்துப் படையை அவர்கள் 1960களிலேயே அமைத்துக்கொண்டது அந்தப் பயத்தால்தான். அந்த ரோந்தைக் கண்டு கறுப்பின இளைஞர்கள் எரிச்சலடைந்தார்கள்.

இத்தனை இருந்தும் கலவரத்தை முதல் இரவோடு நிறுத்தியிருக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. போலீஸ் வரிசை கட்டி நின்றது. கூட்டத்தைக் கலைக்கவோ கல்லெறிந்தவர்களைப் போதிய அளவில் பிடிக்கவோ இல்லை. பிடிபட மாட்டோம் என்று தெரிந்த கூட்டம் மறுநாள் பெருத்தது. மூன்றாம் நாள் சுமார் 200 பேர் கொண்ட போலீஸ் அணியே பின்வாங்க நேர்ந்தது. ஆணையர் லீ பிரவுனின் காரும் தாக்கப்பட்டது. அதன் பிறகே துணை ஆணையர் ரே கெல்லி பொறுப்பேற்றார். 22ஆம் தேதி 1,800க்கும் மேற்பட்ட போலீசார் குதிரைகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் இறங்கியதும் தெருக்கள் அடங்கின. மேயர் டேவிட் டின்கின்ஸ் போலீசைக் கட்டிப்போட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்கிறது அறிக்கை. உரிய நேரத்தில் அவர் தலையிடவில்லை என்பதுதான் அவர்மீது அது வைக்கும் குறை. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

இருதரப்பு மோதல் என்று உங்கள் கட்டுரை எழுதியதும் சரியல்ல. கைதான 129 பேரில் 122 பேர் கறுப்பினத்தவர், 7 பேர் வெள்ளையர். காயமடைந்தவர்கள் 152 போலீசார், 38 பொதுமக்கள். யூதர் வீடுகளின் கண்ணாடிகள் உடைந்தன, உள்ளே குழந்தைகளோடு குடும்பங்கள் பதுங்கியிருந்தன. இதைச் சொல்வதால் கேவினின் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதி சிறிதாகிவிடாது. ஒருவர்மேல் வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, காரோட்டிமேல் குற்றம் சாட்ட மறுத்தது. அதன் விசாரணை சட்டப்படி ரகசியம் என்பதால், ஏன் மறுத்தது என்பதை அந்தப் பெற்றோரால் அறிய முடியவில்லை. ரோசன்பாம் கொலைவழக்கில் கைதான இளைஞர் 1992இல் மாநில நீதிமன்றத்தில் விடுதலையானபோது யூதர் தரப்பும் கொதித்தது. 2003இல் கூட்டரசு நீதிமன்றத்தின் மறுவிசாரணையில்தான், குத்தியது தான் என்று அவர் தரப்பு ஒப்புக்கொண்டது.

பிற்பாடு அங்கே எது உதவியது என்பதையும் எழுதியிருக்கலாம். ரிச்சர்ட் கிரீனும் டேவிட் லேசர்சனும் இரு தரப்பு இளைஞர்களையும் கூட்டிக் கூடைப்பந்து ஆட வைத்தார்கள். 1998இல் சமரச மையம் ஒன்று திறந்தது. துப்பாக்கிச் சண்டைகளைத் தடுக்கும் வேலையையும் பின்னாளில் அது எடுத்துக்கொண்டது.

கடைசியாக ஒரு திருத்தம். ரோசன்பாம் விபத்துக் காரில் வந்தவர் என்று கட்டுரை சொல்கிறது. அவர் அந்தக் காரில் இல்லை. ஆய்வுக்காக நியூயார்க் வந்திருந்த மெல்போர்ன்வாசி. காயத்தைக் கவனிக்கத் தவறியதற்காக 2005இல் நகர நிர்வாகம் அவர் குடும்பத்துக்கு 12.5 லட்சம் டாலர் தந்தது. இந்தத் திருத்தத்தை அடுத்த இதழில் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி