லிஃப்ட் கிட் வாங்குறவங்க ஸ்டீயரிங்கையும் சேத்து கணக்குப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாகன இணைப்புல பிக்கப் ட்ரக்கை உயர்த்துறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் சூப்பரா இருந்துச்சு, ரெண்டு இன்ச், நாலு இன்ச், ஆறு இன்ச்னு வரிசையா போட்டு எது எவ்ளோ கெத்தா நிக்கும்னு காட்டியிருந்தீங்க. ஆனா வண்டிய தூக்குன அப்புறம் ஸ்டீயரிங் என்ன ஆகும்ங்கறதுக்கு மொத்த கட்டுரையிலயும் ஒரே ஒரு வரி, அதுவும் ஆட்டம் இருந்தா ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்த அமுக்குற, ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு குழாய்) ஒண்ணு போட்டுக்கலாம்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அத நம்பி யாராவது டேம்பர மாட்டிட்டு நேரா ஹைவேல ஏறிட்டா விபரீதமாயிடும் சார்.

மொதல்ல எந்த லிஃப்ட்டுங்கற கேள்வி. முக்காவாசி பேரு உயரத்த முடிவு பண்ணிட்டு அப்புறமா டயர் தேடுறாங்க, அது தலைகீழ். முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் சாலிட் ஆக்ஸில் (ரெண்டு பக்க சக்கரத்தையும் சேக்கிற ஒரே அச்சு) இருக்கிற வண்டின்னா சஸ்பென்ஷன் லிஃப்ட் சேசிஸையும் பாடியையும்தான் தூக்கும், ஆக்ஸில்ல தொங்குற டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு சுழற்சிய பிரிச்சு குடுக்குற கியர் உருண்டை) இருந்த எடத்துலயேதான் இருக்கும். அத தூக்குறது டயர் மட்டும்தான், அதுவும் பாதிக் கணக்குல: 31 இன்ச் டயர கழட்டிட்டு 33 இன்ச் போட்டா தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவுல கூடுறது ஒரே ஒரு இன்ச். அப்போ லிஃப்ட் எதுக்குன்னா பெரிய டயர் ஃபெண்டர்லயும் பம்பர்லயும் ஒரசாம சுத்தணும், ஸ்பிரிங் முழுசா அமுங்குறதுக்கு எடம் வேணும், மேடு தாண்டும்போது சேசிஸ் நடுவுல தரை தட்டக்கூடாது, அதுக்குத்தான். அதனால எந்த மாதிரி ரோட்டுல ஓட்டப்போறோம், அதுக்கு எவ்ளோ பெரிய டயர் வேணும், அந்த டயர் ஒரசாம சுத்த கொறஞ்சபட்சம் எவ்ளோ லிஃப்ட் போதும், இந்த வரிசையில யோசிச்சா பாதி பேருக்கு ரெண்டு இன்ச்லயே கதை முடிஞ்சிரும்.

லோடு ஏத்துற வண்டின்னா இன்னொன்னும் பாக்கணும். காலி பிக்கப் பின்னாடி கொஞ்சம் தூக்கி, முன்னாடி எறங்கி நிக்கும், அது வேணும்னே அப்படி செஞ்சது, லோடு ஏறுனா சமமா வரட்டும்னு. முன்னாடி மட்டும் லெவலிங் கிட் போட்டு காலியா இருக்கும்போது சமமா ஆக்கிட்டீங்கன்னா லோடு ஏறுன உடனே மூக்கு வானத்த பாக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், முன் சக்கரத்து மேல பாரம் கொறஞ்சு ஸ்டீயரிங் லேசாயிடும்.

கிட்டுலயும் பல வகை இருக்கு. பாடி லிஃப்ட்ங்கறது சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டைய வெச்சு பாடிய மட்டும் தூக்குறது, சஸ்பென்ஷன் ஆங்கிள் மாறாது, ஆனா ஸ்டீயரிங் ஷாஃப்ட், வயரிங், ஓஸ் எல்லாம் அந்த அளவுக்கு இழுபடும். முன்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா அசையறது) இருக்கிற வண்டியில ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த தூண்) மேல ஸ்பேசர் வெக்கறதுதான் எல்லாரும் செய்றது, அதுல ஒரு விஷயம் பலபேருக்கு தெரியல, ஸ்ட்ரட்டு, சக்கரத்த சேசிஸோட சேக்கிற கன்ட்ரோல் ஆர்முக்கு நடுவாக்குல உக்காந்திருக்கறதால ஒரு இன்ச் ஸ்பேசர் வெச்சா சக்கரத்துக்கிட்ட கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் தூக்கிரும். தூக்க தூக்க பால் ஜாயிண்ட்டும் (சக்கரம் திரும்பவும் அசையவும் விடுற குமிழ் மூட்டு) சிவி ஜாயிண்ட்டும் (சக்கரத்துக்கு சுழற்சிய கொண்டுபோற மூட்டு) சாய்ஞ்சுகிட்டே போகும், அதுக்கு மேல வேணும்னா அப்பர் ஆர்ம் மாத்தணும், இல்ல மவுண்ட்ட கீழ எறக்குற டிராப் பிராக்கெட்டோட வர்ற முழு கிட்டுக்கு போகணும், ஸ்பேசர் மேல ஸ்பேசர் அடுக்குறது கூடவே கூடாது. பட்டை ஸ்பிரிங்ல பின்னாடி கட்டை வெக்கலாம், பட்டை சேக்கலாம், நல்ல ஸ்பிரிங்கே மாத்திடலாம், ஆனா முன் ஆக்ஸில்ல கட்டை மட்டும் வேண்டவே வேண்டாம், பிரேக் புடிக்கும்போது ஆக்ஸில் முறுக்குற முறுக்குல கட்டை நகந்துச்சுன்னா ஸ்டீயரிங் உங்க கையில இருக்காது. ஆக்ஸிலையும் பட்டையையும் சேத்து கட்டுற யூ போல்ட்டையும் கழட்டுனா திரும்ப போடாதீங்க, புதுசு போடுங்க.

இப்போ ஸ்டீயரிங்குக்கு வரேன், முன்னாடி சாலிட் ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் இருக்கிற வண்டிய வெச்சு சொல்றேன் ஏன்னா இந்த தொல்லை அதிகமா வர்றது அதுலதான். வண்டி மேல போகும்போது கன்ட்ரோல் ஆர்ம் கீழ சாயும், அதோட சேந்து ஆக்ஸில் முன்பக்கமா உருளும், கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கமா சாய்ஞ்சிருக்கிற ஆங்கிள், கொறஞ்சிரும். ஓடுற சைக்கிள கைய விட்டாலும் நேரா போகுதே, அந்த குணத்த கொடுக்கறதுல கேஸ்டருக்கு பெரிய பங்கு இருக்கு. அது கொறஞ்சா வண்டி ரோட்டுல அங்கயும் இங்கயும் அலையும், வளைவுல திருப்பிட்டு கைய தளர்த்துனா ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வராது. இதுக்கு எத்தன டேம்பர் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, அட்ஜஸ்ட் பண்ற மாதிரி கன்ட்ரோல் ஆர்ம் போட்டோ, பட்டை ஸ்பிரிங்கா இருந்தா ஆப்பு மாதிரி இருக்கிற ஷிம் வெச்சோ கேஸ்டர திரும்ப கொண்டுவரணும். அதுலயும் ரொம்ப ஏத்துனா முன் டிஃபரன்ஷியலுக்கு போற ஷாஃப்ட் ஆங்கிள் கெட்டுப்போய் அதிர்வு வரும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல நிறுத்தணும்.

அடுத்தது டிராக் பார். இது ஒரு பக்கம் சேசிஸ்லயும் மறுபக்கம் ஆக்ஸில்லயும் மாட்டியிருக்கிற கம்பி, ஆக்ஸில் சைடுல நகராம புடிக்கறதுதான் வேலை. நீளம் மாறாத கம்பி சாய்ஞ்சா என்ன ஆகும், அகலம் கொறஞ்சு ஆக்ஸில சேசிஸ் மவுண்ட் இருக்கிற பக்கமா இழுக்கும். ஸ்டீயரிங் வீல் கோணலா நிக்குதுன்னு சொல்றாங்களே, அது டிராக் லிங்க்கோட (drag link, ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு போற கம்பி) நீளத்த சரி பண்ணாததால. சிலபேரு வீல கழட்டி நேரா மாட்டி குடுத்துடுறாங்க, அது வெறும் கண்தொடைப்பு, உள்ள ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் கியர் பெட்டி) நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஓடிக்கிட்டே இருக்கும். இதெல்லாத்தையும் விட மோசம், டிராக் லிங்க்க மட்டும் கீழ எறக்க டிராப் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து டிராக் லிங்க்க அசைக்கிற, கீழ எறங்குன கை) போட்டுட்டு டிராக் பார பழைய எடத்துலயே விட்டுடறது. டிராக் லிங்க்கும் டிராக் பாரும் முன்னாடி நின்னு பாத்தா ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். இல்லன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் ரெண்டும் வேற வேற வட்டத்துல நகரும், நீங்க திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

சரி, டேம்பருக்கு வருவோம். எழுவது எம்பதுல போய்ட்டு இருக்கும்போது ஒரு சின்ன பாலம் ஜாயிண்ட்ட தாண்டுன உடனே முன் சக்கரம் ரெண்டும் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடும், ஸ்டீயரிங் கைய விட்டு பிச்சுக்கும், வேகம் நல்லா கொறையற வரைக்கும் நிக்காது. இது வந்தா பயந்துபோய் சடார்னு பிரேக்க அழுத்தாம, ஸ்டீயரிங்க இறுக்கமா புடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர விட்டு மெதுவா வேகத்த கொறைக்கணும். டேம்பர் போட்டா இந்த ஆட்டம் கொஞ்ச நாளைக்கு மறையும், ஆனா ஆட்டத்த உண்டாக்குற லூஸு அங்கயே இருந்து இன்னும் பெருசாகும், அப்புறம் டேம்பரையும் மீறி வரும்போது முன்ன விட மோசமா வரும். காய்ச்சலுக்கு தர்மாமீட்டர ஒடைக்கற வேலை இது.

லூஸ கண்டுபுடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். வண்டிய ஜாக்கியில தூக்காம நாலு சக்கரமும் தரையில நிக்கிற மாதிரியே விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கட்டை வெச்சு, இன்ஜின ஓடவிட்டு ஒருத்தர் ஸ்டீயரிங்க கொஞ்சமா இடது வலதுன்னு ஆட்டிக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா பாக்கணும், விரல நசுங்குற எடத்துல வெக்காம. டை ராட் எண்ட் (ரெண்டு முன் சக்கரத்தையும் சேக்கிற கம்பியோட முனை) மேலயும் கீழயும் எகிறுதா, ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டு சேசிஸ்ல நகருதா, முக்கியமா டிராக் பாரோட ரெண்டு முனை. நான் பாத்த வண்டிங்கள்ல அதிகமா மாட்டுனது அங்கதான். போல்ட்டு தலைய சுத்தி பெயிண்ட் தேஞ்சு பளபளன்னு ஒரு பிறை இருக்கும், அதுக்கு ஓரமா செம்மண் பொடி மாதிரி துரு கசிஞ்சிருக்கும், ஸ்டீயரிங் ஆடும்போது டக் டக்னு ஒரு சத்தம். பிராக்கெட்டு ஓட்டை முட்டை வடிவத்துக்கு போயிருச்சுன்னு அர்த்தம், அத என்னதான் முறுக்குனாலும் நிக்காது, ஓட்டைய சரி பண்ணி சரியான சைஸ் போல்ட்டு போடணும். பால் ஜாயிண்ட்டையும் வீல் பேரிங்கையும் மட்டும் தனியா சக்கரத்த தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டி பாக்கணும். டயர் பேலன்சும் காத்தும் சரியில்லன்னா ஆட்டத்த தொடங்கி வெக்கறது அதுவாத்தான் இருக்கும், அதையும் விட்டுடாதீங்க.

ஸ்டீயரிங்ல பிளே (லூஸு ஆட்டம்) இருக்குன்னு சொன்ன உடனே பாக்ஸ் மேல இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவ திருகி விடுற பழக்கமும் இருக்கு. ரொம்ப திருகிட்டா பாக்ஸ் நடுவுல இறுகிப்போகும், வண்டி நேரா போறதுக்கே சின்ன சின்னதா திருத்திக்கிட்டே இருக்க வேண்டிவரும், உள்ள பல்லும் தேயும். வெளிய இருக்கிற ஜாயிண்ட்டெல்லாம் சுத்தமா இருக்குன்னு பாத்த அப்புறம்தான் அத தொடணும்.

ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டையெல்லாம் சக்கரம் தொங்கும்போது முறுக்கிடாதீங்க, வண்டி பாரம் கீழ உக்காந்த அப்புறம் முறுக்குங்க, இல்லன்னா புஷ் எப்பவும் திருகினபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பிரேக் ஓஸும் ஏபிஎஸ் வயரும் சக்கரம் முழுசா தொங்கும்போதும் முழுசா திரும்பும்போதும் இழுபடுதான்னு பாருங்க. அலைன்மென்ட்டுக்கு போனா டோ (முன் சக்கரம் உள்பக்கமோ வெளிபக்கமோ பாக்குற அளவு) மட்டும் வெச்சு அனுப்பிடுறாங்க, கேஸ்டர் அளவும் போட்ட பிரிண்ட்ட கேட்டு வாங்குங்க. ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடுன அப்புறம் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (முறுக்குற அளவ காட்டுற ஸ்பேனர்) வெச்சு திரும்ப ஒருதடவ முறுக்கணும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அந்த டேம்பர் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. முடிஞ்சா அடுத்த இணைப்புல ஒருத்தர் ஸ்டீயரிங்க ஆட்ட இன்னொருத்தர் கீழ பாக்குற அந்த சோதனைய படத்தோட போடுங்க, ஆறு இன்ச் வண்டி படம் ஒண்ண கொறச்சாலும் பரவால்ல.

இப்படிக்கு,
வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்குற ஒரு வாசகன்