அல்லேலூயா கோரஸ் கிறிஸ்துமஸ் பாட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி தேவாலயம் ஒன்றின் பாடகர் குழு, ஈஸ்டர் ஆராதனையில் இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மேசியா' என்ற பெரிய இசைப் படைப்பிலிருந்து அல்லேலூயா கோரஸ் பாடப்போகும் செய்தியைப் படித்துவிட்டு, "கிறிஸ்துமஸ் பாட்டை ஈஸ்டருக்கு ஏன் பாடுகிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டிசம்பரிலேயே கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

'மேசியா' மூன்று பாகம். இயேசு பிறப்பின் கதை முதல் பாகத்தோடு சரி. இரண்டாம் பாகம் பாடுகள் (துன்பங்கள்), மரணம், உயிர்த்தெழுதல் என்று போய் அல்லேலூயாவில்தான் முடிகிறது. மூன்றாம் பாகத்தின் முதல் பாட்டே "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற யோபுவின் வசனம். அயர்லாந்தின் டப்ளினில் முதன்முதலாக அரங்கேறிய நாள் 1742 ஏப்ரல் 13. அந்த வருட ஈஸ்டருக்கு ஐந்து நாள் முன்பு. கூட்டம் தாங்காது என்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடை உடுத்தாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரச் சொன்னார்களாம்!

என் கவலை வேறு. பல சபைகளில் கீபோர்டில் ரிதத்தைத் தட்டிவிட்டு எல்லோருமே சோப்ரானோவை, அதாவது பெண்களின் உச்சக் குரலுக்கான மெட்டைப் பாடிவிடுகிறார்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரலும் பிரிந்து நிற்காவிட்டால் இந்தக் கோரஸில் என்ன இருக்கிறது? "ராஜாதி ராஜா" வரும் இடத்தைக் கவனியுங்கள். பெண் குரல்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, கீழே ஆண் குரல்கள் அல்லேலூயா என்று வெட்டி வெட்டிப் பதில் சொல்கின்றன. உடனே மேல்குரல் ஒரு படி ஏறுகிறது, மறுபடியும் ஏறுகிறது. டெனருக்கு, அதாவது ஆண்களின் உயர்ந்த குரலுக்கு, ஆள் இல்லை என்பார்கள். பாடத் தெரிந்த பையன்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்டில் இருக்கிறார்கள்; பயிற்சியை அவர்கள் லீவு நாளில் வைத்தால் வருவார்கள். சோப்ரானோ திணறினால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை ஒன்று, அதாவது அரைச் சுரம், குறைத்துக்கொள்ளலாம். ஹேண்டல் காலத்து பரோக் இசையை அக்காலக் கருவிகளில் வாசிப்பவர்களே பெரும்பாலும் அரைச் சுரம் கீழேதான் வைக்கிறார்கள்.

தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய வெள்ளிக்கு நம் பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்தின் 'இரத்தம் காயம் குத்தும்' இருக்கிறது. 'மத்தேயு பாடுகள்' இசைப் படைப்பில் இசையமைப்பாளர் பாக் திரும்பத் திரும்பக் கையாண்ட மெட்டு அது.

இன்னொன்று. டப்ளின் வசூல் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. இங்கும் அன்றைய காணிக்கையில் ஒரு பங்கை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகளோடு துணைக்கு வந்து தங்குபவர்களின் சாப்பாட்டுக்கு ஒதுக்குமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்