பின்னால் ஷாக் இருந்தால் மட்டும் மலைச் சைக்கிள் ஆகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே சைக்கிள் கடை வாசல்களில் முன்னும் பின்னும் ஷாக் வைத்த ‘டபுள் ஷாக்’ வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. நடுவில் தடித்த ஸ்பிரிங், அகலமான டயர், விலை இருபதாயிரத்துக்குள். மலைப்பாதையில் ஓட்டும் ஆசையோடு வரும் இளைஞர்கள் பலரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள். பணம் வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த விலையில் வருவது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். அழுத்தினால் அமுங்கும், விட்டால் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கும் டேம்பர் உள்ளே இருக்காது. மேட்டில் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும், எடையும் கூடுதல், அப்புறம் பின்பக்க இணைப்புகள் சீக்கிரமே ஆட்டம் காணும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளில் ஷாக்கே கிடையாது, ஊருக்குள் ஓட்ட அதுவே போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் போகிறீர்களா? அதுவும் தார்ச்சாலைதான். செம்மண் பாதை, தோட்டப் பாதை என்றால் முன்னால் மட்டும் நல்ல ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தில் இயங்கும் முன் ஷாக்) உள்ள, பின்னால் ஷாக் இல்லாத ‘ஹார்ட்டெயில்’ வண்டி தாராளம்.

சரி, கல்லும் வேருமாகக் கிடக்கிற சரிவில்தான் இறங்கப் போகிறேன் என்பவருக்கு முன்னும் பின்னும் தரமான ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி பெரிய வரம். பின்சக்கரம் தாவாமல் தரையோடு ஒட்டி ஓடும், பிரேக் போட்டால் கேட்கும், நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு தாங்கும். ஆனால் நம்பி வாங்கக்கூடிய புது வண்டி லட்சத்தைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் எங்கே ஓட்டுவீர்கள் என்று யோசியுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

முதல் வண்டிக்கு 120 முதல் 140 மி.மீ. டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், போதும். 160, 170 எல்லாம் செங்குத்தான சரிவில் வேகமாக இறங்குகிறவர்களுக்கு. புதியவர் அதை மேட்டில் மிதித்தே களைத்துப் போவார். டிராவலைவிட ஃபிரேம் அளவு முக்கியம். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஒரு சைஸ் பெரியதை வாங்கினால் வளைவில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

அடுத்து, பலரும் கண்டுகொள்ளாத விஷயம் ஷாக்கின் காற்றழுத்தம். ஏர் ஷாக்கின் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஷாக்) தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதை, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சீல் வரைக்கும் தள்ளிவிட்டு, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறி உட்காருங்கள், குதிக்காமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஷாக் மொத்தம் 50 மி.மீ. அமுங்கக்கூடியது என்றால் வளையம் 15 மி.மீ. அளவில், அதாவது 30 சதவீதத்தில் நின்றால் சரி. அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் காற்று ஏற்ற வேண்டும், குறைவென்றால் கொஞ்சம் விட வேண்டும். இதற்குத் தனியாக ஷாக் பம்ப் வேண்டும், டயர் பம்ப் உதவாது. 60 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே அழுத்தம் வைத்து ஓட்டிவிட்டு ‘வண்டி சரியில்லை’ என்று விற்றுவிடுகிறார்கள்.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் கவனியுங்கள். சக்கரம் கிளம்புவதற்கு முன் ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஷாக் தண்டில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் வேண்டவே வேண்டாம். ராக்‌ஷாக்ஸ் என்ற ஷாக் தயாரிப்பு நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஷாக்கின் ஏர் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வளவு விலை வாங்கும் வண்டிக்கு ஷாக் பம்ப்பும் சீல் கிட்டும் கடையிலேயே வைத்திருங்கள். ஏர் ஷாக் உள்ள வண்டியை, வாங்குபவரை அதில் உட்காரவைத்து அழுத்தம் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர் ஒருவர்,
கோவை.