பொலிஸாருக்கும் படையினருக்கும் ஒரே துவக்கை வாங்காதீர்கள்

பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கும், பாதுகாப்பு அமைச்சுக்கும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு,

பொலிஸாருக்கும் முப்படையினருக்கும் புதிய சேவைத் துவக்குகளை வாங்க முற்படும் எந்த அரசுக்கும் முதலில் வரும் சபலம், இரு தரப்பின் தேவையையும் ஒரே கேள்விப்பத்திரத்தில் அடக்கிவிடுவதுதான். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், உதிரிப்பாகங்களும் ரவைகளும் ஒரே களஞ்சியத்தில் இருக்கும், பயிற்சியாளர்களும் பொதுவாக அமைவர். இந்த நியாயங்களை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் சந்தியில் போக்குவரத்தைப் பார்க்கும் கான்ஸ்டபிளின் வேலையும் எல்லையைக் காக்கும் சிப்பாயின் வேலையும் ஒன்றல்ல. எனவே பொலிஸாருக்கான ஆயுதத் தேவை தனியாக ஆராயப்பட்டு, தனியான ஆவணமாக எழுதப்பட்டு, தனியாகக் கொள்வனவு செய்யப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நமது நாட்டில் இந்த வேறுபாடு போர்க்காலத்தில் அழிந்துபோயிற்று. இராணுவத்தின் கையில் இருந்த ரி-56 துவக்கே பொலிஸ் நிலைய வாசற் காவலரின் தோளிலும் ஏறியது. சீனத் தயாரிப்பான இத்துவக்கு 7.62 மில்லிமீற்றர் ரவையைச் செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்துவது. ஒரு மகசினில் 30 ரவைகள் கொள்வது. 300 மீற்றருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லக்கூடியது. திருகோணமலைச் சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ 300 மீற்றர் என்பது எத்தனை கடைகளையும் எத்தனை மனிதர்களையும் கடந்த தூரம் என்பதை இவ்வூரில் ஒரு நாள் நின்று பார்த்தவர் அறிவார். உள்ளீடற்ற சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர் இந்த ரவையைத் தடுக்காது. பொலிஸார் பொதுவாகப் பயன்படுத்தும் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் ரவை ஏறக்குறைய இதன் பாதி வேகத்திலேயே செல்கிறது. அதுவும் கொல்லக்கூடியதுதான், ஆனால் அது சென்றடையும் ஆபத்தின் எல்லை மிகவும் குறுகியது.

இன்னொரு நுட்பமான விடயத்தையும் கொள்வனவுக் குழுவினர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ரி-56 துவக்கின் வலப்புறத்தில் உள்ள தெரிவு நெம்பு மேலே இருக்கும்போது துவக்கு பூட்டப்பட்டிருக்கும். அதைக் கீழே தள்ளினால் முதலில் வருவது தொடர்ச்சியாகச் சுடும் நிலை. இன்னும் கீழே தள்ளினால்தான் ஒவ்வொன்றாகச் சுடும் நிலை வரும். பதற்றத்தில் இருக்கும் சிப்பாய் நெம்பை அடிவரை தள்ளிவிடுவான் என்பதே இந்த ஒழுங்குக்குச் சொல்லப்படும் விளக்கம். போர்முனைக்கு அது பொருந்தலாம். கூச்சலிடும் கூட்டத்தின் முன் நிற்கும் இளம் கான்ஸ்டபிள் பாதியில் நிறுத்திவிட்டால் என்னவாகும் என்பதை அந்த விளக்கம் கணக்கில் எடுப்பதில்லை. தொடர்ச்சியாகச் சுடும் வசதி சாதாரணப் பொலிஸ் கடமைக்கு எதற்காகத் தேவை என்ற கேள்விக்கு எழுத்தில் விடை கிடைக்காதவரை, அவ்வசதியுள்ள எந்தத் துவக்கும் பொலிஸ் பட்டியலில் இடம்பெறக் கூடாது. பொலிஸின் ஆயுதப் பிரிவான விசேட அதிரடிப்படை போன்றவற்றின் தேவை வேறாக இருக்கலாம். அதையும் காரணத்தோடு தனியே எழுதுங்கள்.

2013 ஓகஸ்டில் வெலிவேரியாவில் குடிநீர் கேட்டுத் திரண்ட மக்கள்மீது இராணுவத்தினர் சுட்டதில் மூவர் இறந்தனர். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸ் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தனர். 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் மாண்டார். துவக்கை மாற்றியிருந்தால் இவை நிகழ்ந்திருக்காது என்று நான் வாதிடவில்லை. சுடும்படி கட்டளையிடுபவர் மனிதர்தான். ஆனால் உயிரிழப்போ படுகாயமோ நேரக்கூடிய உடனடி ஆபத்துப் போன்ற பாரதூரமான நிலைமைகளிலன்றிச் சுடலாகாது என்றும், உயிர்கொல்லாத வழிமுறைகளும் பொலிஸாரிடம் இருக்க வேண்டும் என்றும் 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் கோட்பாடுகள் கூறுகின்றன. கையில் போர்த் துவக்கு மட்டுமே உள்ளவரிடம் அந்தக் கோட்பாட்டை எப்படி எதிர்பார்ப்பது?

அக்கோட்பாடுகளில் ஆயுதங்களின் களஞ்சியம், வழங்கல், பொறுப்புக்கூறல் ஆகியவை பற்றியும் சொல்லப்பட்டுள்ளது. திருகோணமலையில் இதற்குத் தனிக் கனம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்ததாக முதலில் கூறப்பட்டது. உடல்களில் இருந்தவையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியமில்லை என 2019இல் விடுவிக்கப்பட்டனர். ஆகவே புதிதாக வாங்கப்படும் ஒவ்வொரு துவக்கும் வழங்கப்படுமுன் சோதனைக்காகச் சுடப்பட்டு, அதன் ரவையும் கோதும், பின்னர் சம்பவ இடத்தில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இலக்கமிட்டு வைக்கப்பட வேண்டும். எந்தத் துவக்கு எந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்ற பதிவு, அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வெளியேயும் ஒரு பிரதியாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் செலவைக் கேள்விப்பத்திர மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பிறகும் பார்க்கமாட்டார்கள்.

இந்தப் பதிவுகள் பொலிஸாருக்கும் பாதுகாப்பே. 2018 நவம்பரில் வவுணதீவு காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 2021 டிசம்பரில் திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவரே தம் சகாக்கள் நால்வரைச் சுட்டுக் கொன்றார். பறிபோன ஆயுதம் எது, எது யார் கையில் இருந்தது என்பதை இத்தகைய பதிவே காட்டும்.

படையினரின் துவக்கைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, ஒன்றைத் தவிர. 1960களில் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களின் எம்-16 துவக்குகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. ரவையின் மருந்தை மாற்றியதும், ரவை அறைக்குக் குரோம் பூசாமல் விட்டதும், துப்புரவுக் கருவிகளைப் போதியளவு வழங்காததும் அதற்குக் காரணங்களாயின. ஆகவே புதிய துவக்குகளை மலைநாட்டுத் தியத்தலாவையின் குளிரில் மட்டும் சோதித்துப் பார்த்து முடிவெடுக்காமல், வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் எங்கள் உப்புக்காற்றிலும் அவற்றை வைத்துப் பாருங்கள். கதவுக் கீல்களே இங்கு அதிக காலம் தாங்குவதில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். கைத்துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுவது நீள் துவக்கால் சுடுவதைவிடக் கடினம். ஆகவே துவக்கின் விலையோடு ஆண்டுதோறும் பயிற்சிக்குத் தேவையான ரவைகளின் விலையும் ஒதுக்கப்படாவிட்டால், குறுகிய வீச்சுள்ள ஆயுதத்தால் கிடைக்கும் நன்மை குறி தவறும் கைகளில் வீணாகும். சுடுமுன் தெளிவாக எச்சரிக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன கோட்பாடுகளில் ஒன்று. திருகோணமலையில் கடமையாற்றும் பொலிஸார் அந்த எச்சரிக்கையைத் தமிழிலும் விடுக்கப் பழக்கப்பட வேண்டும். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியுமாகும். கேட்பவருக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

விலை கோருவதற்கு முன்னர், பொலிஸாருக்கான தேவை ஆவணத்தைப் பாதுகாப்பு இரகசியங்களை நீக்கி மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, மக்கள் கருத்துக் கூற ஒரு மாதமாவது அவகாசம் தாருங்கள். பொலிஸாரிடமிருந்து மீளப் பெறப்படும் ரி-56 துவக்குகள் எத்தனை என்பதையும், அவை எங்கே, யார் முன்னிலையில் அழிக்கப்படும் என்பதையும் அதே ஆவணத்தில் எழுதுங்கள்.

இவ்வண்ணம்,
திருகோணமலைவாசி ஒருவர்