முலாஞ்சே மலையடியில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியிலிருந்து ஊர் திரும்பிவிட்டேன். கிளம்பும்போது பணம் கொடுத்தவர்களுக்கும், "சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" என்று விடாமல் விசாரித்தவர்களுக்கும் முதல் நன்றி. ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு உங்களுக்கில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். தெற்கே முலாஞ்சே மாவட்டத்தில், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் என்னைக் கட்டி மேய்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் யார் என்று நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

தன்னார்வலர் என்றால் உதவி செய்யப் போகிறவர் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஊர்க் கணக்கில் நான் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர், ஒரு கட்டு விறகு, ஒரு தட்டு சாப்பாடு. கைப்பம்புக்குக் கால் மணி நேர நடை. அங்குள்ள பெண்கள் 20 லிட்டர் வாளியைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல், ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார்கள். நான் அரை வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோளெல்லாம் நனைந்து வருவேன். கொஞ்ச நாள் இதைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் தன் மகள்களோடு வரும்போது எனக்கும் ஒரு வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லிக்காட்டவில்லை. அக்கா, உங்களுக்கு நன்றி.

நான் தங்கியிருந்தது ஒரு பாட்டியின் வீட்டில். அகோகோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அடித்தபோது சரிந்த சமையல்கட்டுச் சுவரைத் திரும்பக் கட்டியிருந்தார். மூன்று கல் அடுப்பில், வெள்ளை மக்காச்சோள மாவில் அவர் கிண்டும் என்சிமாதான் அன்றாடச் சாப்பாடு. கிட்டத்தட்ட நம் களி. தொட்டுக்கொள்ளப் பூசணி இலை, கீரை, கையில் காசிருந்தால் மலாவி ஏரியிலிருந்து வரும் உசிப்பா என்ற சின்ன மீன் கருவாடு. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை கஷ்ட மாதங்கள். போன அறுவடை தீர்ந்திருக்கும், அடுத்தது ஏப்ரலில்தான். பல வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும்.

அந்த நேரம் பார்த்து எனக்கு மலேரியா வந்தது. மழையில் சேறாகிக் கிடந்த பாதையில், கபாசா என்று அங்கே சொல்லும் வாடகை மோட்டார் சைக்கிளில், ஓட்டுகிற தம்பிக்கும் பின்னால் உட்கார்ந்த அக்காவுக்கும் நடுவே என்னை இருத்தி அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, கால் மணியில் முடிவு, மூன்று நாளைக்கு மாத்திரை. சல்லிக் காசு வாங்கவில்லை. தம்பியும் அன்று வாங்கவில்லை, "குணமானதும் கொடு" என்றார். குணமானதும் வந்து சரியாக வாங்கிக்கொண்டார். அதுதான் முறை.

அந்த மாத்திரையை எண்ணெய்ப்பசையுள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். நர்ஸ் இதைச் சொன்னதும் அகோகோ தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, மூங்கில் கூடையின் அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை எடுத்தார். உரலில் இடித்து, அந்தப் பொடியைக் கீரையில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறு வேளையும் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் விழுங்குகிறேனா என்று பார்த்தார். பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் விரட்டிவிட்டார். கையில் எதுவும் மிஞ்சாத மாதத்தில் எனக்குக் கிடைத்த கடலை அது. அகோகோ, இதற்கு நான் என்ன செய்துவிட முடியும்?

இனி நீங்கள் கொடுத்த பணம். பாதிக்கு மேல், ஊர்க் கைப்பம்பைப் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க் குழுவிடம் போனது. அங்கிருப்பது ஆஃப்ரிடெவ் பம்பு. ஊர்க்காரர்களே பழுது பார்க்கட்டும் என்று யோசித்துச் செய்த பம்பு, ஒரே ஒரு ஸ்பேனர் போதும். குழுவில் பெரும்பாலும் பெண்கள். ஒரு காலையில் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, தேய்ந்துபோன ரப்பர் சீலைக் கழற்றி, புதிதை மாட்டி, மதியச் சமையலுக்குள் தண்ணீர் வரவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வசூலித்து நோட்டில் எழுதி வைக்கிற பொருளாளர் அக்கா, உங்கள் தொகையையும் அதே நோட்டில் "இந்திய நண்பர்கள்" என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டார். பழைய துணி மூட்டை அனுப்பட்டுமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். அங்கே வாரச்சந்தையில் பாதி பழைய துணிதான்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1994இல் தொடக்கக் கல்வி இலவசமானதிலிருந்து வகுப்புகள் பிதுங்குகின்றன. நூற்றுக்கு மேல் பிள்ளைகளை மாமரத்தடியில் பாட்டாலேயே அடக்கி உட்காரவைப்பார். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது கூட்டம் அடங்கி இருந்தது என்றால் அது அவர் கைங்கரியம்.

எதிர்வீட்டு விவசாயி அண்ணனை விட்டால் பாவம் வரும். அந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கு நடுவே துவரை போடுவார்கள், அதில் நிறைய நம் நாட்டுக்குத்தான் வருகிறது. 2017இல் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் அங்கே விலை படுத்துவிட்டது. "உங்கள் ஆட்கள் ஏன் வாங்காமல் விட்டார்கள்?" என்று அவர் என்னை விடவில்லை. 2021இல் ஆண்டுக்கு 50,000 டன் வாங்க ஒப்பந்தமாகியிருக்கிறது என்றேன். "வியாபாரி அதே விலைதானே சொல்கிறான்" என்றார். பதில் இல்லை. இருந்தும் கிளம்பும் அன்று ஒரு பை துவரை கட்டிக்கொடுத்தார். அண்ணே, அதை வறுத்து உடைத்து சாம்பார் வைத்தாயிற்று, அருமை.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் மிச்சமிருக்கிறது. பம்பில் அடுத்து தேயும் சீல், புஷ் போன்ற பாகங்களுக்கு ஆகட்டும் என்று தண்ணீர்க் குழுவுக்கே அனுப்புகிறேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழி