அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் வியன்னாவிலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால் வீக்கம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது. நாங்கள் இல்லாத ஒரு மாதமும் கடையைத் தம்பி ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ ஆபீஸிலிருந்து வந்து, "மத்தியானம் என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டாய். தூங்கினேன் என்றேன். தூங்கவில்லை. அம்மா சாப்பிட்டுப் படுத்ததும், நீ எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீ இருக்கும் காக்ரானில் ரயில் ஏறிவிட்டேன். ஐந்தாவது ஸ்டேஷன் பிராட்டர்ஸ்டெர்ன். எண்ணிக்கொண்டே போய் இறங்கினேன். அந்த ராட்டினத்தில் ஏறத்தான் போனேன்.

வந்த புதிதிலேயே அதைத் தூரத்திலிருந்து காட்டினாய். ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒருநாளும் ஏறினதில்லை, அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்றாய். எனக்கு அப்போதே ஆசை. நீ வேலையில் அலைந்துகொண்டிருந்ததால் கேட்கவில்லை. தனியாகப் போகிறேன் என்றால் விடவும் மாட்டாய். கோபப்படாதே, பத்திரமாகத்தான் போய் வந்தேன்.

கிட்டே போய் அண்ணாந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன் பாப்பா. உயரம் 64.75 மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் நான் நின்றது உயரத்தைப் பார்த்து இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் போடுகிற ராட்டினத்தில் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் கனமான இரும்புச் சட்டங்கள் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. நடுவில் ஒரு அச்சு, சுற்றி ரிம், இரண்டுக்கும் இடையில் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி வடங்கள், மொத்தம் 120. அப்பட்டமான சைக்கிள் சக்கரம்! முப்பத்தெட்டு வருஷமாக நான் மடியில் வைத்துக் கோட்டம் எடுத்த அதே சக்கரத்தை 61 மீட்டர் அகலத்துக்குச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்ன நினைப்பார்கள் தெரியுமா? ஆள் ஏறி உட்கார்ந்தால் அடியில் இருக்கும் போக்ஸ் கம்பிகள்தான் தூண் மாதிரி பாரத்தைத் தாங்குகின்றன என்று. அவ்வளவு மெல்லிய கம்பியை அழுத்தினால் வளைந்துதான் போகும். அதற்குத் தெரிந்ததெல்லாம் இழுக்க மட்டும்தான். எல்லாக் கம்பியும் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக இழுத்துக்கொண்டிருப்பதால்தான் ரிம் வட்டமாக நிற்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடையில் உட்கார்ந்து கம்பிகளை வீணை மாதிரி மீட்டுவாயே, எது தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். அந்த வியன்னாச் சக்கரத்தையும் அப்படி யாராவது தட்டிப் பார்ப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். அதன் அச்சு மட்டும் பதினாறு டன்னுக்கு மேல்.

ஜெர்மன் மொழியில் அதற்கு ரீசன்ராட் என்று பெயர், ராட்சதச் சக்கரம் என்று அர்த்தம். 'ராட்' என்றால் சக்கரம், சைக்கிளுக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அது எவ்வளவு பொருத்தம் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

உள்ளே நுழைகிற இடத்தில் எட்டுப் பெட்டிகளில் அந்த நகரத்தின் பழைய கதையைப் பொம்மைக் காட்சிகளாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பார்த்தேன், மீதியை ஊருக்கு வந்த பிறகு தம்பியைப் போனில் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 1897இல் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட பிரான்ஸ் யோசப் மகாராஜா பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆவதைக் கொண்டாட. கட்டியவர் வால்டர் பாசெட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர், கப்பல்படையில் இருந்தவர். அதற்கு நான்கு வருஷம் முன்புதான் அமெரிக்காவில் சிகாகோ பொருட்காட்சியில் ஃபெரிஸ் என்பவர் முதன்முதலாக இப்படி ஒன்றை நிறுத்தியிருந்தார். பாசெட்டிடம் வேலை பார்த்த ஹியூபர்ட் பூத் என்ற இளைஞர்தான் பிற்பாடு 1901இல் தூசி உறிஞ்சும் மெஷினைக் கண்டுபிடித்தாராம். உன் வீட்டில் அம்மா பயந்து பயந்து தள்ளினாளே, அதேதான். சொன்னேன், அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

பாசெட் லண்டனில் 1895இலும் பிளாக்பூலில் 1896இலும் பாரிஸில் 1900இலும் இதே மாதிரி சக்கரங்கள் கட்டினார். மூன்றையும் பிரித்துப்போட்டுவிட்டார்கள். சிகாகோவில் இருந்ததும் இல்லை. வியன்னாவில் இருப்பது மட்டும் நிற்கிறது. அதையும் இடிக்கச் சொல்லி 1916இல் உத்தரவு ஆகியிருக்கிறது. போர்க்காலம், இடிப்பதற்குக்கூடக் கையில் காசில்லை. அதனால் தப்பியது.

மூன்று வருஷம் கழித்து எடுவார்ட் ஸ்டைனர் என்ற வியாபாரி, பிரித்து இரும்பாக விற்கலாம் என்றுதான் அதை வாங்கினாராம். மனசு மாறி, வாடகைக்கு விட்டு ஓட வைத்தார். அவர் யூதர். 1938இல் நாஜிகள் வந்ததும் அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரைக் கொன்றுவிட்டார்கள். தம்பி இதைப் படித்தபோது கையில் இருந்த டயரைக் கீழே வைத்துவிட்டேன். உடைப்பதற்கு வாங்கியவர் உடைக்காமல் விட்டார். அவரை விட்டுவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நீ அங்கே போகும்போது அவர் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்.

போர் முடிகிற சமயத்தில் சக்கரம் தீப்பிடித்து, மரப் பெட்டிகள் எல்லாம் எரிந்து, இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊரே இடிபாடு, நான்கு நாட்டுப் பட்டாளங்கள் ஆளுக்கொரு பங்காக நகரத்தைப் பிரித்து வைத்திருந்த காலம். அப்படியிருந்தும் 1947இலேயே சக்கரத்தைச் சுற்ற வைத்துவிட்டார்கள். ஓபரா அரங்கைத் திறக்க 1955 வரை ஆனது. சக்கரம் எட்டு வருஷம் முந்திக்கொண்டது! முதலில் முப்பது பெட்டிகள் இருந்தன. எரிந்த இரும்பு பழைய பாரத்தைத் தாங்குமோ என்று யோசித்து, ஒன்று விட்டு ஒன்றாகப் பதினைந்தை மட்டும் திரும்ப மாட்டினார்கள். இன்றைக்கும் பதினைந்துதான். கீழேயிருந்து பார்த்தால் நடுவில் காலி இடங்கள் தெரியும்.

சரி, ஏறியதைச் சொல்கிறேன். தொட்டி மாதிரி இல்லை, கூரையும் ஜன்னலுமாக ஒரு சின்ன ரயில் பெட்டி, சிவப்பு நிறம். எழுந்து நடக்கலாம். நகர்வதே தெரியவில்லை, அவ்வளவு மெதுவு. மணிக்கு 2.7 கிலோமீட்டர், நான் நடக்கும் வேகம்கூட இல்லை. ஜன்னலை ஒட்டி ரிம்மின் சட்டங்கள் போயின. வருஷா வருஷம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, ரிவெட் தலைகள் எல்லாம் நெல்லிக்காய் மாதிரி உருண்டு போயிருந்தன. ஆட்களை ஏற்றி இறக்குவதற்காக நின்று நின்று போகிறது. அப்படி ஒருமுறை நிறுத்தியபோது என் பெட்டி உச்சியில் இருந்தது.

ஒரு பக்கம் ஸ்டீபன் கோயில் கோபுரம். கீழே அந்த நீளமான சாலை, இரண்டு பக்கமும் கஷ்கொட்டை மரங்கள், ஒவ்வொரு கொத்தும் குத்துவிளக்கு மாதிரி நிமிர்ந்து பூத்திருந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் டான்யூப் ஆறு, பாலம், ஐ.நா. கட்டிடங்கள், அதற்கும் அப்பால் காக்ரான். நீ இருக்கும் கட்டிடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வயதில் உன்னைத் திருவிழா ராட்டினத்தில் ஏற்றினபோது, மேலே போனதும் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீடு எங்கப்பா?" என்று கேட்டாய். அது ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின ராத்திரி நீ பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், எனக்கும் எப்போது என்று தெரியவில்லை, இங்கேயே வேறு வேலை தேடட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா என்றாய். நான் பேசாமல் துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

மேலே நின்றபோது அதைத்தான் யோசித்தேன். ஒரு பக்கக் கம்பியை மட்டும் முடுக்கிக்கொண்டே போனால் சக்கரம் அந்தப் பக்கம் கோணும். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்தவுடன் நானும் அம்மாவும் கேட்பது ஒரே கேள்வி, எப்போ வர்றே? நீ அங்கே சாப்பிட்டாயா, யாரோடு சிரித்துப் பேசினாய், எந்தத் தெரு உனக்குப் பிடிக்கும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அங்கே உனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஒரு மாதம் கூட இருந்து பார்த்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிகிறது. நாங்கள் ஒரே பக்கமாக இழுத்திருக்கிறோம், பாப்பா. அம்மாவிடம் பேசிவிட்டேன். இனி அந்தக் கேள்வி வராது. நீ இருந்தாலும் சரி, வந்தாலும் சரி, மாடி அறை உன்னுடையதுதான், சாவி ஆணியிலேயே தொங்குகிறது. முடிவு செய்ய ஆறு மாதம் எடுத்துக்கொள். அதற்குள் பணத்துக்குச் சிரமம் என்றால் கூச்சப்படாமல் கேள்.

டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன்.

அப்புறம் ஒன்று. நீ ஒருநாள் அதில் ஏற வேண்டும். மழை இல்லாத நாளாகப் பார்த்து, வேலை முடிந்ததும் நேராகப் போ. ஆற்றுப் பக்கத்து ஜன்னலை ஒட்டி நில். உச்சியில் நிறுத்தும்போது எனக்குப் போன் பண்ணு. அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே ஒன்பதரை, கடையைச் சாத்தியிருப்பேன். உன் வீடு எந்தக் கட்டிடம் என்று நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா